நாவும் மானியும்

பெரும்பாணாற்றுப்படையை வகுப்பிலே கற்பித்துக்கொண்டிருந்த ஒரு காலைப்பொழுதில், மாணவன் ஒருவன் எழுப்பிய வினாவுக்கு யான் விடை கூறாது விட்டேன். விடை கூறியதுபோலக் காட்டி நழுவினேன் என்பதே உண்மை. ஆண்டுகள் பல கழிந்தபின், மட்டக்களப்பு வாவிக்கரையில் ஒரு முதியவரின் அடுப்படியிலே அவ்வினா மீண்டும் என்முன் வந்து நின்றது. அதன் வரலாறே இக்கட்டுரை.

கடியலூர் உருத்திரங்கண்ணனார் தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய அப்பாட்டிலே, இல்லத்தில் மது ஆக்கும் முறையொன்று நுணுக்கமாகச் சொல்லப்பட்டுள்ளது. நன்றாகக் குற்றப்படாத அரிசியைக் களியாகத் துழாவிச் சமைப்பர். வாயகன்ற கலத்திலே இட்டு ஆற்றுவர். முளையை இடித்துச் சேர்ப்பர். இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியிலே வைத்திருந்து, பச்சைத்தன்மை நீங்கி முதிர்ந்தபின் விரலால் அலைத்துப் பிழிந்தெடுப்பர். முளை என்பது நெல்முளை. தானியத்தை முளைக்கவைத்து, அம்முளையின் ஆற்றலால் மாப்பொருளைச் சர்க்கரையாக்கி, அச்சர்க்கரையை நொதிக்கவைத்தல் மேனாட்டார் பியர் ஆக்கும் முறையேயன்றோ? அவர்க்கு வாற்கோதுமை, நமக்கு நெல். அவ்வளவே வேற்றுமை.

இதனை யான் பெருமிதத்தோடு விளக்கிக்கொண்டிருந்தபோதுதான் அம்மாணவன் எழுந்தான். “ஐயா, இரண்டு நாள் போதும் என்று எதைக்கொண்டு அறிந்தார்கள்? ஒருமுறை வெயில் கூடியிருக்கும். ஒருமுறை மழை பெய்திருக்கும். கணக்கு மாறாதா?” என்றான்.

“அதற்குத்தான் நா இருக்கிறதே!” என்றேன். வகுப்புச் சிரித்தது. அவன் சிரிக்கவில்லை.

இனி அந்த முதியவரைப் பற்றிச் சொல்லுகின்றேன். மட்டக்களப்பு வாவியின் மேற்குப் புறத்தைப் படுவான்கரை என்றும், கிழக்குப் புறத்தை எழுவான்கரை என்றும் வழங்குவது நம்மவர் மரபு. எழுவான்கரையிலே, கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட மணற்றரையில் பனைகள் செறிந்த சிற்றூர் ஒன்றிலே அவர் வாழ்கின்றார். பாளை சீவிக் கருப்பநீர் இறக்கிப் பனங்கட்டி காய்ச்சுவது அவர் தொழில். முட்டியின் உட்புறத்திலே சுண்ணாம்பு தடவிக் கட்டினால், வடியும் நீர் நொதியாது இனிமையோடு நிற்கும், அது கருப்பநீர். சுண்ணாம்பு இன்றேல் அது சில மணி நேரத்திலே கள்ளாகும். ஒரே பனை, ஒரே பாளை, நடுவிலே நிற்பது விரலளவு சுண்ணாம்பு.

விடியுமுன் இறக்கிய ஒவ்வொரு முட்டியிலிருந்தும் ஒரு மிடறு பருகி அவர் தீர்ப்புக் கூறுவார். இது கட்டிக்கு, இது பாணிக்கு, இது புளித்தது, தள்ளிவை என்பார். அத்தீர்ப்புக்கு மேன்முறையீடு இல்லை. ஐம்பது ஆண்டுகளாக அவ்வூரின் நீதிமன்றம் அவருடைய நாவிலே இருந்தது.

2021ஆம் ஆண்டிலே பெருந்தொற்றுக் காய்ச்சல் அவரையும் பற்றியது. உயிர் பிழைத்தார், ஆயின் மணமும் சுவையும் அவரை விட்டு நீங்கின. மாதங்கள் கடந்தும் அவை முற்றாகத் திரும்பவில்லை. யான் காணச் சென்றபோது திண்ணையிலே குந்தியிருந்தார்.

“எண்ட நாக்கு செத்துப்போச்சு, பண்டிதர் ஐயா. சீனியும் மண்ணும் எனக்கு இப்ப ஒண்டுதான்” என்றார்.

மூன்று முறை காய்ச்சிய பாகு குட்டானிலே இறுகாமற் போயிற்றாம். விறகும் உழைப்பும் வீண். வாங்குவோர் திருப்பிக் கொடுத்துவிட்டனர். வீட்டிலே அவருக்குத் துணை மகளும், ஒன்பது வயதுப் பேத்தியும். மகள் தாச்சியும் அடுப்புமாக நிற்பவள். கருப்பநீரைப் பிரித்தறியும் பழக்கம் அவளுக்கு இல்லை. குழந்தையின் நாவுக்கோ எல்லாமே இனிப்பு. அன்று வகுப்பிலே “நா இருக்கிறதே” என்று யான் சொன்ன சொல் என் செவியிலே மீண்டும் ஒலித்தது. நா இல்லையானால்?

அந்த வினாவை எழுப்பிய மாணவன் இப்பொழுது இலண்டன் மாநகரிலே வாழ்கின்றான். தன் வீட்டிலே சிறு அளவிற் பியர் ஆக்கிப் பார்ப்பது அவனுக்குப் பொழுதுபோக்கு. அந்நாட்டிலே 1963ஆம் ஆண்டு முதல், தன் வீட்டுத் தேவைக்குப் பியர் ஆக்குவோர் உரிமம் பெறவேண்டியதில்லை. நம் நாட்டிலோ 1912ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டத்தின் கீழ், அனுமதியின்றி வீட்டிலே மது ஆக்குதல் குற்றமாகும். ஆகவே பியரின் கணக்கு அவனுக்கும், கருப்பநீரின் கணக்கு நமக்குமாக இருக்கட்டும். இரண்டிலும் அளக்கப்படுவது ஒன்றே: நீரிலே கரைந்த சர்க்கரை. அவனுக்கு நிலைமையை எழுதினேன். அவன் இரண்டு கருவிகளை அனுப்பினான். கூடவே ஒரு குறிப்பு. “ஐயா, எந்தக் கருவி சிறந்தது என்று கேளாதீர்கள். எதை அறிய விரும்புகிறீர்கள் என்று முதலிலே கேளுங்கள்” என்பதே அதன் சாரம். ஆசிரியனுக்கு மாணவன் எழுதிய அவ்வரி, யான் பிறர்க்குச் சொல்லவேண்டிய வரியாயிற்று.

முதற்கருவி நீர்மானி. அடியிலே பாரம் அடைத்து, மேலே ஒடுங்கிய நீண்ட கழுத்து அமைந்த கண்ணாடிக் குழாய் அது. நீரிலே விட்டால் ஓரளவு அமிழ்ந்து செங்குத்தாக மிதக்கும். சர்க்கரை கரைந்த நீர் வெறும் நீரினும் அடர்ந்தது. ஆதலின் அதிலே குழாய் உயர்ந்து நிற்கும். கழுத்திலுள்ள கோடுகளைப் படித்துச் சர்க்கரையின் அளவை அறியலாம். மிதக்கும் பொருள்களைப் பற்றி ஆர்க்கிமிடீசு கண்ட விதியே இதன் அடிப்படை. கி. பி. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே சினேசியசு என்னும் அறிஞர், அலெக்சாந்திரியா நகரிலே கணிதம் கற்பித்த ஐபேசியா என்னும் பெருமாட்டிக்கு எழுதிய கடிதமொன்றில், இத்தகைய கருவியொன்றைச் செய்வித்துத் தருமாறு வேண்டியிருக்கின்றார்.

இத்துணைத் தொன்மை வாய்ந்த கருவி பியர் ஆக்குவோர் கைக்கு எளிதிலே சென்றுவிடவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்திலே சேம்சு பாவர்சுரொக் என்னும் இளைஞர் இதனைத் தம் தொழிலிலே பயன்படுத்த முயன்றார். தந்தையாருக்கு அது பிடிக்கவில்லை. ஆதலால் மகன் மறைவாகவே சோதனை செய்தார். 1768ஆம் ஆண்டளவில் இலண்டனிலே பெரும் பியர்ச்சாலை நடத்திய சாமுவேல் விற்பிரெட்டிடம் அதனைக் காட்டியபோது அவரும் புறக்கணித்தார். பின்னர் யோன் றிச்சாட்சன் என்பார் 1784ஆம் ஆண்டிலே இக்கருவியைக் கொண்டு அளக்கும் முறையை நூலாக எழுதி வெளியிட்டார். விரலும் நாவுமே போதும் என்று எண்ணியிருந்த முதியோர் அக்கரையிலும் இருந்தனர் என்பது எனக்குச் சிறிது ஆறுதல் அளித்தது.

நீர்மானியின் கோடுகள் இருவகையாகக் குறிக்கப்படும். வெறும் நீரை 1.000 எனக் கொண்டு, கரைசல் அதனினும் எத்தனை மடங்கு அடர்ந்தது எனக் காட்டுவது ஒருவகை. இதனை நம் நாட்டு விஞ்ஞான பாடநூல்கள் தன்னீர்ப்பு என்றன. 100 கிராம் கரைசலிலே எத்தனை கிராம் சர்க்கரை உண்டு எனக் காட்டுவது மற்றொரு வகை. பாலிங் என்பார் 1843ஆம் ஆண்டிலே வகுத்த இவ்வளவையைப் பிறிக்சு என்பாரும் பிளாற்றோ என்பாரும் பின்னர்த் திருத்தினர். 10 பிறிக்சு பாகை என்றால் நூற்றுக்குப் பத்துப் பங்கு சர்க்கரை. அதன் தன்னீர்ப்பு ஏறத்தாழ 1.040 ஆகும்.

பியர் ஆக்குவோன் இதனை இருமுறை மிதக்கவிடுவான். நொதிக்குமுன் 1.050 என்று காட்டியது, நொதித்து அடங்கியபின் 1.010 என்று காட்டுமாயின், இடையிலே மறைந்த சர்க்கரை மதுசாரமாகவும் கரியமில வாயுவாகவும் மாறிவிட்டது என்பது பொருள். இரண்டுக்கும் உள்ள வேறுபாடாகிய 0.040ஐ 131ஆற் பெருக்கினால், நூற்றுக்கு ஐந்து பங்குக்குச் சற்று மேலான மதுசாரம் உண்டென்று அறியலாம். அடுத்தடுத்து இரண்டு மூன்று நாள் அளவு மாறாது நின்றால் நொதிப்பு முடிந்தது. முடியுமுன் போத்தலிலே அடைத்தால் வாயு மிகுந்து போத்தல் வெடிக்கும். சங்ககாலச் சாடிக்கு இரண்டு இரவு என்ற வரையறை இருந்ததன் காரணமும் இதனோடு ஒட்டியதே. அந்த அரிசிக்கும், அந்த முளைக்கும், அந்த வெம்மைக்கும் பல தலைமுறையாகப் பார்த்துப் பார்த்து அமைத்த அளவு அது.

இரண்டாம் கருவி முறிவுமானி. குளத்து நீரிலே சாய்த்து நட்ட கோல் முறிந்ததுபோலத் தோன்றுவதை எல்லோரும் கண்டிருக்கின்றோம். ஒளி ஓரூடகத்திலிருந்து மற்றோரூடகத்துக்குச் செல்லும்போது வளைவதே அதற்குக் காரணம். நீரிலே சர்க்கரை மிகுந்தால் அவ்வளைவும் மிகும். இதனை அளக்கும் கருவியைச் செருமனியின் யெனா நகரத்து ஏணசுற்று அபே 1870களிலே செம்மையாக அமைத்தார். இன்று கிடைக்கும் கைக்கருவி ஒரு சாண் நீளமே உள்ளது. கண்ணாடித் தகட்டிலே இரண்டு துளி விட்டு, மூடி, வெளிச்சத்தை நோக்கிப் பிடித்துப் பார்த்தால், நிழலும் ஒளியும் சந்திக்கும் கோடு பிறிக்சு பாகையைக் காட்டும்.

இரண்டுக்கும் நிறையும் உண்டு, குறையும் உண்டு. நீர்மானி மிதப்பதற்கு ஒரு குவளை நீராவது வேண்டும். கண்ணாடி மெல்லியது, கைதவறினால் உடையும். நுரையும் குமிழியும் ஒட்டிக்கொண்டால் குழாய் உயர்ந்து பொய்யளவு காட்டும்; ஆதலின் விரலாற் சுழற்றி விட்டுப் பார்த்தல் வேண்டும். முறிவுமானிக்குத் துளி போதும், மரத்தடியிலேயே பார்த்துவிடலாம். ஆயின் நொதித்த நீரிலே அது மயங்கும். மதுசாரமும் ஒளியை நீரினும் மிகுதியாக முறிக்கும் இயல்புடையது. மேலே சொன்ன 1.010 பியரிலே நீர்மானி இரண்டரைப் பாகையளவு காட்ட, முறிவுமானி ஆறு பாகைக்கு மேலே காட்டும். தொடக்க அளவைக் குறித்துவைத்திருந்தால் வாய்ப்பாட்டினால் திருத்தலாம். இன்றேல் தவறான முடிவுக்கே வருவோம். ஆகவே பியருக்கு, தொடக்கத்தை அறிய எதுவும் உதவும். முடிவை அறிய நீர்மானியே தகும் என்பது என் மாணவனின் துணிபு.

கருப்பநீருக்கோ முடிவு வேறு. அதிலே மதுசாரம் இருத்தலாகாது. பல முட்டிகளை விரைவாகப் பார்த்துப் பிரிக்க வேண்டும். எனவே முறிவுமானியையே முதியவருக்குத் தேர்ந்தோம். முதலிலே காய்ச்சிவடித்த நீரைத் துளிவிட்டுச் சுழியத்துக்குச் சரிசெய்யக் கற்பித்தேன். இத்தகைய கருவிகள் பெரும்பாலும் 20 பாகை வெப்பத்துக்கு அமைக்கப்பட்டவை. நம் வாவிக்கரையின் முற்பகலோ 30 பாகையை எட்டும். அவ்வேறுபாட்டாலேயே அரைப் பாகைக்கு மேற் குறைத்துக் காட்டும். தானே திருத்திக்கொள்ளும் அமைப்புடைய கருவியை வாங்குதல் நன்று. தாச்சியிலிருந்து சுடச்சுட எடுத்து விடுதல் ஆகாது. சுண்ணாம்பு தெளியவிட்டு வடித்த நீரையே விடல் வேண்டும்.

இந்த நுணுக்கம் எதற்கு என்பீர்களாயின், ஒரு கணக்குக் காட்டுகின்றேன். 12 பாகையுள்ள கருப்பநீர் 10 லீற்றரிலே ஏறத்தாழ 1¼ கிலோ சர்க்கரை உண்டு. 15 பாகையாயின் ஏறத்தாழ 1.6 கிலோ. இரண்டிலும் ஆவியாக்க வேண்டிய நீரின் அளவிலே பெரிய வேறுபாடு இல்லை. விறகு ஒன்றே, வியர்வை ஒன்றே, பனங்கட்டி மட்டும் மூன்றிலொரு கிலோ குறையும். ஏழையின் அடுப்பிலே அது சிறு தொகையன்று.

முதல்நாள் ஏழு முட்டிகளைப் பார்த்தோம். ஐந்து 13 பாகையை ஒட்டி நின்றன. ஒன்று 9, மழைநீர் புகுந்தது போலும். மற்றொன்று பன்னிரண்டரை. ஒன்பதை விலக்கி, எஞ்சிய ஆறையும் சேர்த்துக் காய்ச்சினார்கள். யான் வெற்றிபெற்றவன்போல அமர்ந்திருந்தேன். பாகு பொங்கியது, திரண்டது, குட்டானிலே வார்த்தார்கள். மாலையிலே பார்த்தபோது அது இறுகவில்லை. மெழுகுபோல இளகிக் கிடந்தது.

முதியவர் என்னை ஒன்றும் சொல்லவில்லை. “கருவி பொய் சொல்லியிராது, ஐயா. நாமதான் வேற எதையோ கேக்காம விட்டிட்டம்” என்று மட்டும் சொன்னார். இலண்டனிலிருந்து வந்த வாசகத்தை அவர் வேறு சொற்களாற் சொன்னார்.

எங்கள் கல்லூரியின் விஞ்ஞான ஆசிரியரிடம் போனேன். அவர் விளக்கினார். கருப்பநீரிலுள்ள சர்க்கரையிற் பெரும்பகுதி சுக்குரோசு. அது மணியாகித் திரளும்; கட்டியை இறுக்குவது அதுவே. சுண்ணாம்பு குறைந்து நுண்ணுயிர்கள் பெருகினால், சுக்குரோசு குளுக்கோசாகவும் பிறற்றோசாகவும் பிரிந்துவிடும். பிரிந்தவையும் இனிக்கும், ஆயின் எளிதில் மணியாகா. காற்றிலுள்ள ஈரத்தை ஈர்த்து இளகும். பிற மணியாவதையும் தடுக்கும். நீர்மானிக்கும் முறிவுமானிக்கும் இவ்விரண்டும் ஒன்றே. எவ்வளவு கரைந்துள்ளது என்பதை அவை சொல்லும். எது கரைந்துள்ளது என்பதைச் சொல்லமாட்டா. பன்னிரண்டரை காட்டிய அந்த முட்டியே ஐயத்துக்குரியது. பழைய நா அதனை அறிந்திருக்கும். ஏனெனில் அது இனிப்பை மட்டும் அளந்ததன்று. அதன் பின்னே ஒளிந்த புளிப்பையும் அளந்தது.

அவர் ஒரு கட்டுப் பாசிச்சாயத்தாள் தந்தார். அது புளிப்பிலே சிவக்கும், காரத்திலே நீலமாகும். சுண்ணாம்பு போதிய அளவு இருந்தால் கருப்பநீர் நீலம் காட்டும். சிவப்புக் காட்டினால் அந்த முட்டியை விலக்க வேண்டும். இலண்டன் கருவியின் விலைக்கு முன்னே இத்தாளின் விலை ஒரு பொருட்டன்று. ஆயினும் அது இன்றிக் கருவி பயன்படவில்லை.

மூன்றாவதாக வெப்பமானி ஒன்றும் வாங்க எண்ணினேன். நீர் வற்ற வற்றப் பாகின் கொதிநிலை உயரும். 116 முதல் 118 பாகை வரையிலே இறக்கவேண்டும் என்று படித்திருந்தேன். முதியவர் சிரித்தார். பாகிலே ஒரு துளி எடுத்துக் குளிர்நீரிலே விட்டு, விரலால் உருட்டிக் காட்டினார். உருண்டு திரண்டது. “இதுக்கு என்னத்துக்கு ஐயா கருவி? நாக்குத்தானே செத்தது, விரல் இருக்கே” என்றார். வாங்கவில்லை. எதற்குக் கருவி வேண்டும் என்பதை அறிதலோடு, எதற்கு வேண்டாம் என்பதை அறிதலும் தேர்வின் பாற்பட்டதே.

தமிழ் கற்பிப்போராகிய நாம் அளவையை மேனாட்டார் சொத்து என்று எண்ணிவிடுகின்றோம். தொல்காப்பியர் அளவுப்பெயரும் நிறைப்பெயரும் எவ்வெழுத்துக்களை முதலாகக் கொண்டு வரும் என்று ஒன்பதெழுத்தை எடுத்தோதி விதி வகுத்திருக்கின்றார். அளவைகள் பல வழங்காத நாட்டிலே அத்தகைய விதி எழ வேண்டியதில்லை. காரைதீவிலே பிறந்த விபுலாநந்த அடிகள் 1916ஆம் ஆண்டிலே மதுரைத் தமிழ்ச்சங்கத்துப் பண்டிதர் பட்டமும் பெற்றவர். இலண்டன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானப் பட்டமும் பெற்றவர். வழக்கொழிந்த யாழின் இசையை அவர் செவியால் மட்டும் தேடவில்லை, கணக்கினாலும் தேடினார். அதன் பயனே 1947ஆம் ஆண்டிலே வெளிவந்த யாழ் நூல். கல்லடி உப்போடையிலே அவருடைய சமாதியைக் கடந்தே யான் அந்தச் சிற்றூருக்குப் போகின்றேன். அவ்வழியே முறிவுமானியைப் பையிலே கொண்டு சென்ற நாளிலே, எனக்கு வெட்கமும் உவகையும் ஒருங்கே தோன்றின.

இப்பொழுது பெரும்பாணாற்றுப்படையை நடத்தும்போது, அந்தக் கண்ணாடிக் குழாயையும் வகுப்புக்குக் கொண்டு போகின்றேன். சீனி கரைத்த நீரிலே மிதக்கவிட்டுக் காட்டுகின்றேன். நா என்பதும் கருவியே. ஆயின் அதன் கோடுகளை ஒருவர் வாழ்நாள் முழுவதும் நின்று பொறிக்க வேண்டும். அவர் நோயுற்றால் அக்கோடுகள் அவரோடு அழியும் என்று சொல்லுகின்றேன். அன்று சொல்லியிருக்க வேண்டிய விடை அது.

சென்ற பங்குனியிலே மீண்டும் அவ்வூருக்குப் போயிருந்தேன். பொழுது புலரும் வேளை. முட்டிகள் வரிசையாக இருந்தன. தாள் நீலமாகிய முட்டியொன்றிலிருந்து, சிறிய பனையோலைப் பிளாவிலே வார்த்த ஒரு மிடறு கருப்பநீரைப் பேத்தி பருகினாள். கண்ணை மூடிச் சிறிது நேரம் இருந்தாள்.

“சொல்லு புள்ள, எத்தினை?” என்றார் முதியவர்.

“பதின்மூண்டு, அம்மப்பா. முந்தினதிலும் கொஞ்சம் கூட.”

அவர் முறிவுமானியைக் கிழக்கு நோக்கிப் பிடித்தார். நெடுநேரம் பார்த்தார். பின்பு அதனை என்னிடம் நீட்டினார். கோடு பதின்மூன்றுக்குச் சற்று மேலே நின்றது.